கொத்தமல்லிப் பாத்தியில் பெண் பார்த்த கதை

தாவரவியல் வாத்தியார்களுக்கு ஒரு வியாதி உண்டு. செடியைக் கண்டால் வாயை மூட முடியாது. எனக்கு அது நன்றாக முற்றியிருந்த இருபத்தெட்டாவது வயதில் அம்மாவோடு பாப்பாரப்பட்டிக்குப் பெண் பார்க்கப் போனேன்.

கேசரி, காபி முடிந்ததும் பெண்ணின் பெரியப்பா, "பையனும் பொண்ணும் ஒரு பத்து நிமிசம் தனியா பேசிக்கட்டும்ங்க" என்று எங்களைக் கொல்லைப்புறம் அனுப்பினார். பெண் பெயர் கவிதா. பார்த்ததுமே பிடித்துவிட்டது. (பிடித்துவிட்டால் எனக்குப் பதற்றம் வரும், பதறினால் பாடம் நடத்துவேன்.) எதிரே கொத்தமல்லிப் பாத்தி வேறு இருந்தது.

"இதுக்கு பொட்டானிக்கல் பேரு கொரியாண்ட்ரம் சட்டைவம்ங்க. சட்டைவம்னா லத்தீன்ல வெதச்சு வளத்ததுன்னு அர்த்தம். தானா மொளச்சது இல்ல."

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்றாள்.

"டவுட்டு கடைசியில கேளுங்க" என்றேன். (ஆமாம், இதே வார்த்தைகளில்தான்.)

விதைப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து அந்தப் பெயரடை பிறந்ததைச் சொன்னேன். பிறகு இலக்கணம். பெயர்ச்சொல் எந்தப் பாலோ, அதற்கேற்பப் பெயரடை தன் வாலை மாற்றிக்கொள்ளும். முள்ளங்கி ஆண்பால், ஆகவே சட்டைவஸ். நெல் பெண்பால், சட்டைவா. கொத்தமல்லி இரண்டிலும் சேராது, சட்டைவம். "அனுசரிச்சுப் போகுது பாருங்க, குடும்பம் மாதிரி" என்று தத்துவமும் உதிர்த்தேன். அவள் இன்னும் இரண்டு முறை வாயைத் திறந்தாள். இரண்டு முறையும் கையைக் காட்டி அடக்கினேன். அதற்குள் பெரியப்பா கூப்பிட்டுவிட்டார்.

"என்ன மாப்ள, புடிச்சிருக்குங்களா?"

"ரொம்பப் புடிச்சிருக்குங்க. நல்லாப் பேசுனோம்."

அம்மா பூரித்துப்போய்த் தாம்பூலத் தட்டை எடுத்தாள். அப்போதுதான் கவிதா அத்தனை பேர் முன்னால் உடைந்து அழுதாள்.

"எங்கூட வேல பாக்கறவரத்தான் கட்டிக்குவேன். வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்கன்னு இவர்கிட்ட கேக்கத்தான் மூணு வாட்டி வாயத் தொறந்தேன். இவரு முள்ளங்கி ஆம்பளன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு!"

கூடமே என்னைப் பார்த்தது. பெரியப்பா கவிதாவைத் திட்ட மறந்து என்னை முறைத்தார். தட்டோடு நின்ற அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கமுக்கமாக முடிந்திருக்க வேண்டியதைச் சபைக்கு இழுத்துவிட்டேனே என்று உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அவள் விரும்பியவரோடே கல்யாணம் நடந்தது என்று கேள்விப்பட்ட பிறகுதான் எனக்குச் சரியாகத் தூக்கம் வந்தது.

எனக்கும் வேறிடத்தில் கல்யாணமானது. அம்மா முதல் வேலையாக மருமகளிடம் இந்தக் கதையை ஒப்படைத்துவிட்டாள். இன்றும் விருந்தாளிகள் நடுவே நான் லேசாகத் தொண்டையைச் செருமினால் போதும், சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வரும்:

"யாருக்காச்சும் வேற எடத்துல கல்யாணம் முடிவாயிருந்தா இப்பவே சொல்லிடுங்க. இவரு பேச ஆரம்பிக்கப் போறாரு!"