தெரியாவிட்டால் வேண்டாம்

அடி அண்ணாமலை அன்னதான மண்டபத்துக்குள் விமல்ராஜ் லேப்டாப்போடு நுழைந்தபோது, ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், "சாப்பாடு வடக்கு வாசல்ல, செருப்பு தெற்கு வாசல்ல" என்று சொல்லிவிட்டு ஒரு முறை இருமியது. பதிவில் இருமலைக்கூட வெட்டாமல் விட்டிருக்கிறார்களே என்று அவனுக்கு வியப்பு.

பதிந்த குரலை நேரத்துக்கு நேரம் ஒலிபரப்பும் அறிவிப்புப் பெட்டி பதினைந்து வருடப் பழசு. அதை உள்ளிருந்து ஆட்டிவைக்கும் கர்னல் என்ற மென்பொருளைப் புதுப்பிக்கத்தான் கம்பெனி அவனை அனுப்பியிருந்தது.

"நல்லா ஓடினு இருக்கிறத ஏன் தம்பி நோண்டறீங்க?" என்றார் நிர்வாகி தருமன்.

விமல்ராஜுக்கும் நோண்டப் பயம்தான். ஏற்கெனவே வேறு ஊர்களில் இரண்டு பெட்டிகளை ஊமையாக்கியிருந்தான். இதுவும் போனால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

டீ கொண்டுவந்த சமையற்கட்டு ஜோதியம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, திரையில் ஓடும் பட்டியல் என்னவென்று கேட்டாள். இதுவரை உலகத்தில் வந்த பழைய பிளாஷ் மெமரி ஒவ்வொன்றுக்கும், அதில் பதிந்திருப்பதைக் கர்னலுக்குப் படித்துக் காட்ட ஒரு டிரைவர் உண்டு, எது வேண்டும் எது வேண்டாம் என்று நாம்தான் சொல்ல வேண்டும் என்று விளக்கினான். பல வரிகளின் கீழே, 'தெரியாவிட்டால் வேண்டாம் என்று சொல்லவும்' என்ற புத்திமதியும் இருந்தது.

"என் கல்யாணத்தப்ப இத யாரும் சொல்லலியே" என்றாள் ஜோதியம்மாள்.

விமல்ராஜுக்கு முக்கால்வாசி தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றான். பெட்டிக்குத் தன் மெமரியையே அடையாளம் தெரியவில்லை. சரி என்று எல்லாவற்றுக்கும் வேண்டும் என்றான். கர்னல் பெருத்துப்போய் பெட்டிக்குள் நுழைய மறுத்தது. கடைசியில் பெயர் ராசியாக இருந்த ஒரு டிரைவரைத் தேர்ந்தெடுத்தான். அது மெமரியை எட்டிப் பார்த்து, காலி என்று தானே முடிவுகட்டி, சுத்தமாகத் துடைத்துவிட்டது.

ஒலிபெருக்கி வாய் திறந்து ஒரு மணி நேரமாகியிருந்தது. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் சேர்ந்துவிட்டது. சாப்பாட்டு வரிசை தெற்கு வாசலில் நீண்டது, வடக்கு வாசலில் செருப்பு மலையாகக் குவிந்தது. யாரைக் கேட்பது என்று தெரியாமல் தருமன் இரண்டு வாசலுக்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

"குரலே அழிஞ்சிடுச்சும்மா. என் வேலையும் போச்சு" என்றான் விமல்ராஜ். அழுகை வந்துவிட்டது.

ஜோதியம்மாள் கடிகாரத்தைப் பார்த்துப் பதறி எழுந்தாள். சமையற்கட்டு வாசலில் கிடந்த அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு மைக்கை எடுத்து, ஒரு முறை இருமினாள். அந்த இருமலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று அவன் யோசித்தான்.

"பொட்டி ஒயர எலி கடிச்சு ஒரு வருஷமாவுது தம்பி. நான்தான் பேசினு இருக்கேன். உங்க வேலைய வேடிக்கை பார்த்ததுல இன்னிக்கி மறந்தே பூட்டேன்."