கறுப்புத்திரைக்காரர் கட்டிய மில்

திருப்பூரில் புது கம்ப்யூட்டரை அடக்கிப் பழசாக்கிய ஒரே மனிதர் எங்கள் கறுப்புத்திரைக்காரர்தான். அஞ்சாங்கிளாஸ் தாண்டாமல், பனியனைக் கைமடித்துப் போடும் வேலையில் தொடங்கி இரண்டு பனியன் கம்பெனி கட்டியவன் சொல்கிறேன், நம்பலாம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊரெல்லாம் விண்டோஸ் வந்த சமயம். நான் விடுவேனா? ஆபீசுக்கு இரண்டு மெஷின் இறக்கினேன். ஓட்டுவதற்கு, சாமளாபுரம் பக்கம் மூடிப்போன ஒரு நூல் மில்லின் கம்ப்யூட்டர் ரூமிலிருந்து இவர் வந்தார். வந்த அன்றே மவுஸைப் பிடுங்கி, அதன் வயரால் டிபன் பாக்ஸைக் கட்டிவைத்தார்.

"ஏனுங்க, அது வேலை செய்யற சாமானுங்க!"

"இப்பவும் வேலைதானுங்க முதலாளி செய்யுது. கொழம்பு சிந்தறதில்லீங்க."

மில்லில் இருந்தது யூனிக்ஸ் என்று வேறு ரகமாம். கறுப்புத் திரையில் உத்தரவை அடித்தால் எழுத்தாலேயே பதில் சொல்லும். அப்படி உத்தரவு கேட்கிற புரோகிராமுக்கு ஷெல் என்று பேர். அதை அச்சு அசலாக என் விண்டோஸ் மெஷினில் எழுத உட்கார்ந்தார்.

காரணம் அவருடைய கூட்டாளி துரைசாமி. மில்லில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின். மில் மூடியபின் துரைசாமி சாமளாபுரத்திலேயே மளிகைக்கடை வைத்துவிட்டார். மவுஸ் பிடிக்க அவருக்கு வரவே இல்லையாம்.

"பழைய திரை இருந்தா அவன் வந்துருவானுங்க. ரெண்டாவது மெஷினுக்கு எடுத்துக்குவீங்களா?"

"கூட்டிட்டு வாங்க! நான் சொன்னா சொன்னதுதானுங்க."

எழுதி முடித்தார். மில்லின் பழைய மெஷின் எந்தத் தப்புக்கு எப்படித் திட்டுமோ, அப்படியே இதுவும் திட்டியது. பிரிண்ட் கொடுத்தால் பழையது சற்றுநேரம் மூச்சுப்பேச்சில்லாமல் நிற்குமாம். இதையும் நிற்க வைத்தார்.

"நல்லா ஓடறதை எதுக்குங்க நிறுத்தறீங்க?"

"அந்த நேரத்துலதானுங்க நாங்க டீ குடிப்போம்."

சரக்கு வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் கறுப்புத் திரையைப் பார்த்து, இது செக்யூரிட்டி ஏற்பாடா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி ஆர்டரை வாங்கினேன். நான் யார்!

ஒரு திங்கட்கிழமை துரைசாமி வந்தார். சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. உட்கார்ந்ததும் விரல்கள் பறந்தன. மகள் பரீட்சை எழுதுவதைப் பார்க்கும் தகப்பன் மாதிரி கறுப்புத்திரைக்காரர் பின்னால் நின்று கையைப் பிசைந்தார். பிரிண்ட் கொடுத்ததும் மெஷின் நின்றது. துரைசாமி பழக்கத்தில் ஜன்னல் பக்கம் காதைத் திருப்பினார்.

"சங்கு ஊதலியே மாப்ள."

மில்லின் ஷிப்டுச் சங்கைத்தான் சொன்னார். அதை எங்கே போய் எழுதுவது?

"எல்லாம் அப்படியே இருக்குதுடா. அதான் என்னால முடியல. மில்லு மூடுன அன்னைக்கே திரும்ப வந்து உக்காந்த மாதிரி இருக்குது." எழுந்து என்னிடம் கும்பிட்டார். "தப்பா நெனைக்காதீங்க. கடை தொறக்கோணும்."

மாதக் கடைசியில் கறுப்புத்திரைக்காரர் என் முன்னால் வந்து நின்றார்.

"அவன் இங்க வரமாட்டானுங்க. நான் அங்க போயர்றனுங்க முதலாளி."

சம்பளத்தை ஏற்றுகிறேன் என்றேன். தலையாட்டினார், சிரிப்போடு, வேண்டாமென்று.

"மளிகைக்கடையில உங்களுக்கு என்னங்க வேலை?"

"அவன் நிறுப்பான். நான் பொட்டலம் கட்டறனுங்க."

அடுத்து வந்தவர்கள் அந்தத் திரையைத் துடைத்து எறிந்துவிட்டார்கள். மெஷின் இப்போது எங்கும் நிற்பதில்லை. ஆபீசில் யாரும் டீ குடிக்கப் பக்கத்து மேசையைக் கூப்பிடுவதுமில்லை.

சாமளாபுரம் வழியாகப் போனால், வாங்க ஒன்றுமே இல்லாவிட்டாலும், டிரைவரை அந்தக் கடை முன்னால் நிறுத்தச் சொல்லிவிடுகிறேன். கறுப்புத்திரைக்காரர் கட்டிக் கொடுக்கும் பொட்டலத்தைப் பின்சீட்டில் போட மனசு வராமல், வீடு வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வருகிறேன்.