வாங்கப்போகிறவரின் குளியலறை

உலகத்தில் வாங்குகிறவர் உண்டு, விற்கிறவர் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு: வாங்கப்போகிறவர். ஆயுள் முழுக்க வாங்கப் போய்க்கொண்டே இருப்பார். வாங்கமாட்டார்.

அமெரிக்காவின் வடக்கே, குளிருக்குப் பேர்போன துலூத் நகரத்து வெர்னர் ஹால்வர்சன் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் குளியலறையில் ஜனவரியில் பல் துலக்கினால் நுரை வாயிலேயே உறைந்துவிடும் என்று தெருவில் பேச்சு. பாதியாவது உண்மையாக இருக்கும். மனைவி மார்லிஸுக்கோ நெஞ்சு பலவீனம். ஈர உடம்போடு நடுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈரக் காற்றை வெளியே தள்ளி, அறைக்குச் சூடும் தருகிற மின்விசிறி ஒன்றைக் கூரையில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

அவ்வளவுதானா? வெர்னருக்கு அது எப்படிப் போதும்? அறையின் நீள அகல உயரத்தை மூன்று முறை அளந்து, அதில் மார்லிஸ் அடைத்துக்கொள்ளும் இடத்தைக் கழித்து, நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காற்று வெளியேற வேண்டும் என்று கணக்குப் போட்டு, விளக்குச் சூடா கம்பிச்சுருள் சூடா என்று நாலு மாதம் தத்தளித்து, வாங்கின நானூறு பேர் இணையத்தில் எழுதிய அபிப்பிராயத்தையும் படித்து, அதில் குறை சொன்ன ஒரே ஒருவரை மட்டும் நம்பி, அரிசோனா பாலைவனத்திலிருந்த அந்த மனிதருக்குப் போன் போட்டு அரைமணி நேரம் துக்கம் விசாரித்தார். கடைச் சிப்பந்தி இவர் கார் திரும்பும்போதே பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார்.

முதல் குளிர்காலம் மார்லிஸ் நடுங்கினாள். இரண்டாவதில் நிமோனியா வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கணவர் தினமும் போனார். எதற்கு? அங்கே குளியலறைக் கூரையில் என்ன மாட்டியிருக்கிறார்கள் என்று குறிப்பெடுக்க.

மூன்றாவது நவம்பர் வந்தது.

"வெர்னர், இந்த வருஷம் நான் குளிக்கவா, சாகவா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடு."

"அவசரப்படாத மார்லிஸ். ஓட்டை போட்டா போட்டதுதான். கூரை என்ன, திரும்ப முளைக்கவா போகுது?"

சொல்லிவிட்டு ஒரு வாரம் மான் வேட்டைக்குப் போனார். கார் முனை திரும்பியதும் மார்லிஸ் எலெக்ட்ரீஷியன் கோனியைக் கூப்பிட்டாள். எது வேண்டும் என்று கோனி கேட்டாள்.

"கடையில எது கைக்கு வருதோ, அது."

தனி ஒயர் இழுத்து, குழாயைக் கூரை வழியாக வெளியே விட்டு, மாட்டிமுடித்து, காப்பியும் குடித்துவிட்டு மத்தியானத்துக்குள் போய்விட்டாள் கோனி.

வெர்னர் மான் இல்லாமல் திரும்பி வந்தார். மார்லிஸ் முன்கூட்டியே சுவிட்சைப் போட்டு வைத்திருந்தாள். மனிதர் முக்கால் மணி நேரம் குளித்தார். தலைக்கு மேலே அது சூடாக ஊதிக்கொண்டிருந்தது, நிமிர்ந்து பார்த்தாரா? மூன்று முறை அளந்த கூரையை யார் பார்ப்பார்கள்? வேகவைத்த பீட்ரூட் மாதிரி சிவந்து வெளியே வந்தார்.

"மார்லிஸ், இந்த வருஷம் குளிரே இல்ல பாரு. ஹீட்டர் நமக்குத் தேவைதானான்னு முதல்லேர்ந்து யோசிக்கணும்."

"நல்லா யோசி" என்று சொல்லி, துண்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள் மார்லிஸ்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன தீபாவளியிலிருந்து நீங்கள் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்களே ஒரு மிக்ஸி, எதற்கும் இன்றைக்குச் சமையலறைப் பக்கம் போய்க் காதைக் கொடுத்துக் கேளுங்கள். அரைத்துக்கொண்டிருக்கப் போகிறது.