நான் பிணமாக நடித்ததால் வந்த வினை

இலோகோஸ், நவம்பர் 1950

ஹவாய்த் தீவின் கரும்புக் காட்டில் எங்களுக்காக வெயிலில் காயும் பெரியண்ணன் பொலிகார்ப்பியோ அவர்களுக்கு, கடைசித் தம்பி செவெரினோ வணங்கி எழுதுவது. இங்கே அம்மா, நான், எருமை மூவரும் உயிரோடு இருக்கிறோம். எருமை மட்டும் சந்தோஷமாகவும் இருக்கிறது. கல்யாணத்துக்கென்று நீங்கள் அனுப்பிய சட்டைத் துணி வந்து சேர்ந்தது. அந்தக் கல்யாணத்தில்தான் மண் விழுந்திருக்கிறது, அண்ணா. பதறாமல் படியுங்கள்.

அமெரிக்காவிலிருந்து படம் பிடிக்கிறவர்கள் வந்து நம் கடற்கரையில் கூடாரம் போட்டார்கள். ஜப்பான்காரனை எதிர்த்து நாங்கள் மலையில் கிடந்த கதையாம். அந்தக் கதையில் எல்லாப் பாலத்தையும் ஒரே ஒரு வெள்ளைக்காரர்தான் தகர்க்கிறார், நம்மவர்கள் அவருக்குப் பெட்டி தூக்குகிறார்கள். போகட்டும், மலையில் கிடந்தவன் என்ற முறையில் நானும் கெரில்லாவாக நடிக்கப் போய் நின்றேன். தலையில் எண்ணெய் வழிய மணிலாவிலிருந்து வந்திருந்த ஒருவர்தான் டைரக்டர் பேச்சை எங்களுக்கு மாற்றிச் சொல்கிறவர். “டைரக்டர் உன்ன வேணாங்கிறாருப்பா. கெரில்லான்னா நெஞ்ச நிமித்தி நடக்கணுமாம். நீ கூனிக்கிட்டே நடக்குற” என்றார். “நிமிந்து நடந்தவங்க எல்லாம் அப்பவே செத்துட்டாங்கன்னு சொல்லுங்க சார்” என்றேன். அவரும் அப்படியே போய்ச் சொல்லித் தொலைத்தார். டைரக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சரி, செத்தவனாக நடிக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

சவப்பெட்டியில் படுக்க வைத்து, முகத்தில் சாம்பல் பூசி, மூச்சை அடக்கு என்றார்கள். சிலுவையில் எழுத ஒரு பெயர் வேண்டுமென்று பெயிண்டர் கேட்டான். அழுவதற்கு வந்திருந்த நம் தெருப் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் “அனகிளெட்டோ” என்றார்கள். நம் கிளெட்டோ அண்ணன் பெயர்தான். கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிற பிணம் என்ன செய்ய முடியும்? அவன் சாயல் எனக்கு இருப்பது உங்களுக்கே தெரியும். அந்த நேரம் பார்த்து எனக்குச் சோறு கொண்டு அம்மா வந்தாள்.

கெரில்லாக்களுக்குச் சேதி கொண்டு போன கிளெட்டோ திரும்பி வராமல் ஆறு வருஷம் ஆகிவிட்டது. அவன் செத்துவிட்டான் என்பதை அம்மா மட்டும் நம்பவில்லை. யார் எது சொன்னாலும் “பொணத்தக் காட்டு” என்பாள். தினமும் மேசையில் அவனுக்கு ஒரு தட்டு வைப்பாள். அது செத்தவர்களுக்கு வைக்கிற படையல் போலிருக்கிறதே என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரியைத் துடைப்பத்தால் அடித்ததை எழுதியிருந்தேன். அவன் வந்தால் தட்ட வேண்டியிருக்குமே என்று வாசல் கதவைக்கூடச் சாத்த விடமாட்டாள். ஆறு வருஷமாக நாங்கள் ஊர்க் கொசுவுக்கெல்லாம் விருந்து வைக்கிறோம்.

பெட்டிக்குள் கிடந்த எனக்கு, அவள் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. அப்புறம் ஒப்பாரி. “சூப்பக்கூட முழுசாக் குடிக்காம ஓடுனியேடா! தம்பி செருப்ப மாட்டிக்கிட்டுப் போனியே, அது உனக்குப் பத்தாதே, காலு கடிச்சுதாடா?” என்று என் நெஞ்சில் அடித்து அடித்து அழுதாள். சம்பளத்துக்கு அழுதவர்கள் நிஜமாகவே அழுதார்கள். நான் அசையவில்லை, அண்ணா. ஆனால் கண்ணீர் வழிந்து காதுக்குள் போய்விட்டது. மணிலாக்காரர் ஓடி வந்து, “பொணம் கண்ணீர் விடுது! படம் கெட்டுப் போச்சு! அம்மா, இன்னொரு தடவ இதே மாதிரி அழுங்க” என்றார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, “ஒரு புள்ளைய எத்தன தடவய்யா பொதைக்கச் சொல்ற?” என்றாள்.

என்னை எழுப்பிவிட்டு வெறும் பெட்டியை மூடப் போனபோது, அம்மா வீட்டுக்கு ஓடிப்போய் கிளெட்டோவின் இஸ்திரி போட்ட சட்டையைக் கொண்டுவந்து உள்ளே வைத்தாள். மண்ணும் போட்டாள். அன்றே கறுப்பு உடுத்தி, ஒன்பது ராத்திரி ஜெபமும் தொடங்கிவிட்டாள். ஜெபத்துக்கு வந்தவர்கள் எல்லாம், “ரொம்ப நல்லா செத்தடா, செவெரினோ” என்று என் முதுகைத் தட்டிவிட்டு, கடைசி நாளில் என் கல்யாணத்துக்கென்று கொழுக்க வைத்திருந்த பன்றியையும் தின்றுவிட்டுப் போனார்கள்.

இனி ஒரு வருஷம் துக்கம். துக்க வீட்டில் கல்யாணம் கிடையாது. எனக்கு நிச்சயம் செய்த ரெமெடியோஸின் அப்பா பெர்னாபே மாமா, “ஒரு வருஷமெல்லாம் காத்திருக்க முடியாதுப்பா. லாரி வெச்சிருக்கிற ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்” என்கிறார். ரெமெடியோஸைக் கேட்டால், “பெட்டிக்குள்ள படுத்திருந்தப்ப நீ அழகாத்தான் இருந்த. எழுந்து வந்ததுலதான் எல்லாக் கஷ்டமும்” என்று சொல்லிச் சிரிக்கிறாள், உடனே அழுகிறாள். நான் என்ன செய்வேன்?

அதனால் காலைத் தொட்டுக் கேட்கிறேன். நீங்கள் மூத்த பிள்ளை, உங்கள் வார்த்தை அம்மாவுக்கு வேதம். ஹவாயில் கிளெட்டோ மாதிரி ஒருவனைக் கப்பல் துறையில் பார்த்ததாக ஒரு பொய் எழுதுங்கள். அம்மா கறுப்பைக் கழற்றிவிடுவாள், நானும் ரெமெடியோஸைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவேன்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மாதா உங்கள் முதுகு வலியைக் குறைக்கட்டும், முதலாளிக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
செத்துப் பிழைத்த தம்பி
செவெரினோ

பி.கு.: உறையை ஒட்டுமுன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். மேசையில் இரண்டே தட்டு. மூன்றாவது தட்டு மாதா படத்துக்குக் கீழே இருந்தது, சோறும் முட்டையும் ஒரு சுருட்டும் வைத்து. படையலேதான். அம்மா இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு, “செவெரினோ, கதவச் சாத்துடா. கொசு வருது” என்றாள்.

சாத்தினேன். ஆறு வருஷத் துரு, தாழ்ப்பாள் லேசில் நகரவில்லை. இப்போது அம்மா குறட்டை விட்டுத் தூங்குகிறாள். அண்ணா, அந்தப் பொய்யை எழுத வேண்டாம். பெர்னாபே மாமாவிடம் நாளைக்கு நானே போய்ப் பேசிக்கொள்கிறேன்.