முன்பே சொன்னவர்

மனிதர்களில் 'முன்பே சொன்னவர்' என்றொரு வகை உண்டு, வாசகரே. எந்தக் கம்பெனி கவிழ்ந்தாலும் "நான் அப்பவே சொன்னேன்" என்பார். எப்போது, யாரிடம் என்று மட்டும் கேட்கக் கூடாது. எங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார். என் மனைவியின் அண்ணன்.

இன்டர்நெட் புதிதாக வந்து, பெயருக்குப் பின்னால் 'டாட் காம்' ஒட்டிக்கொண்ட எந்தக் கம்பெனியின் பங்கும் தாறுமாறாக ஏறிய அந்த நாட்களில் மைத்துனருக்குக் கால் தரையில் பாவவில்லை. பல் டாக்டரிடம் வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தபோதுகூடக் கையை ஆட்டி ஆட்டி அவருக்குப் பங்கு சிபாரிசு செய்தார். பிறகு என்னிடம் வந்தார். நாய்களுக்கு இன்டர்நெட்டில் ஸ்வெட்டர் விற்கும் கம்பெனியாம்.

"லாபம் வருதா மச்சான்?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "லாபமா? அதெல்லாம் மளிகைக்கடைக்காரன் பாக்கிறது, மாப்பிள்ளை. இவங்க நஷ்டத்தைப் பாருங்க! ஒரே வருஷத்துல மூணு மடங்கு! என்ன வேகம்!"

வேகம்தான். வீடு வாங்க வைத்திருந்த பணத்தைப் போட்டேன். அடுத்த கோடைக்குள் கம்பெனியும் இல்லை, வீடும் இல்லை. மைத்துனர் எங்கள் வாடகை வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு, "நாய்க்கு எதுக்கு ஸ்வெட்டர்னு நான் அப்பவே சொன்னேனே!" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்து என்ன செய்ய? பெண் கொடுத்த வீடு.

போன மாதம் அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்றேன். ஆயுள் முழுக்கப் பிழை திருத்தியதற்கு மொத்தமாக ஒரு தொகை வந்தது. இனிமேல் வருவதற்கு வேறு எதுவும் கிடையாது. எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, மைத்துனர் ஆஜர். இந்த முறை, தானாகவே யோசிக்கும் குடை.

"மழை வருமான்னு அதுவே முடிவு பண்ணும் மாப்பிள்ளை! தப்பித் தவறி பேங்க்ல போட்டுறாதீங்க. பணம் தூங்கிடும்!"

மனைவி மிகப் பணிவாக, "வேற எதெல்லாம் நல்லா வரும்ணா?" என்று கேட்டு, அவர் அடுக்கியதற்கெல்லாம் தலையாட்டி, வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அண்ணன் வேண்டாம்னது பேங்க் ஒண்ணைத்தான். அங்கேயே போடுங்க."

"பணம் தூங்கிடுமாமே?"

"தூங்கட்டும். நாமளும் தூங்கலாம்."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நீங்கள் யோசனை சொல்லும்போது மறுபேச்சே இல்லாமல் கேட்டுக்கொள்ளும் தங்கையோ தம்பியோ உங்களுக்கும் இருந்தால், அடுத்த முறை அவர்கள் வீட்டுக் கதவு சாத்திய பிறகு சற்று நேரம் வெளியே நின்று கேட்டுப் பாருங்கள்.