பாதிக் குவியல்

பாலாற்றின் இரு கரையிலும் உள்ள தோல் பதனிடும் டேனரிகளில் சல்லடை போட்டுத் தேடினாலும், கைக்கு வந்த சீட்டைப் பார்க்காமலே மூணு சீட்டு ஆடி, ‘மொத்தம்’ என்று நாங்கள் கூப்பிட்ட ஆள் அளவுக்கு ஜெயித்த இன்னொருவரைக் காட்ட முடியாது. சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர். ஆம்பூரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

1975 முதல் 1983 வரை நான் அங்கே ஒரு டேனரியில் டைப்பிஸ்ட். அவர் தோல் தரம் பிரிப்பவர். வெள்ளிக்கிழமை விடுமுறை. ஃபோர்மேன் பாஷா பாய் தொழுகை முடித்து வந்ததும் குடோன் வராந்தாவில் மூவரும் உட்காருவோம். காசு வைக்கக் கூடாதென்று பாய் கண்டிப்பு. கழிவுத் தோலில் வெட்டிய வில்லைகள், ஆளுக்கு இருபது. வில்லை தீர்ந்தவர் டீ வாங்கி வர வேண்டும்.

குவியல் பெரிதாக இருந்தால் மொத்தம் பரம சாது. நாலைந்து வில்லைதான் மிச்சமென்றால் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்குத் தயாராகிவிடுவார். பத்துப் பன்னிரண்டு இருக்கும்போதுதான் ஆபத்து. அவருடைய மூன்று சீட்டும் குப்புறக் கிடக்கும். தொடக்கூட மாட்டார். இரு கையாலும் குவியலைத் தள்ளி, “மொத்தமும்!” என்பார். நாங்களும் அத்தனை வைக்க வேண்டும், இல்லையென்றால் சீட்டைப் போட்டுவிட வேண்டும். போட்டுவிடுவோம்.

ஒருநாள் அப்படிப் போட்ட பாய், ஆத்திரம் தாங்காமல் மொத்தத்தின் சீட்டைத் திருப்பினார். ரெண்டு, அஞ்சு, ஒன்பது.

“யோவ்! இத்த வெச்சிக்கினா என் ஜோடி ஆஸைக் கீழ போட வெச்சே?”

“நான் இன்னா கண்டேன் பாய்? நான்தான் பாக்கவே இல்லியே!”

“பாக்காம எப்டிய்யா தள்றே?”

“கம்மியா இருந்தா எவனும் பயப்பட மாட்டான். ஜாஸ்தி இருந்தா நமக்கே பயம் வந்துடும். பாதி இருக்கசொல்லவே தள்ளிடணும். பாத்துக்கினு குந்தினா ஒண்ணொண்ணாக் கரைஞ்சி பூடும்.”

கல்யாணமும் அப்படித்தான். 1977 தை மாதம், குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்துப் பெண். பெண் பார்க்கவே போகவில்லை, சரியென்று சொல்லியனுப்பிவிட்டார். தாலி கட்டிய பிறகுதான் முகம் பார்த்தார். அடுத்த வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்ததும் சொன்னார்: “திருப்பிப் பாத்தேன் பாய். மூணும் ராணி.”

1981 ஆடியில் அந்த அம்மாளுக்கு வயிற்றில் கட்டி. வேலூர் டாக்டர், “உடம்புல இன்னும் பாதித் தெம்பு இருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணிடலாம். ஆனா உறுதி சொல்ல முடியாது” என்றாராம்.

மொத்தம் வராந்தாவில் வில்லைகளை எண்ணி எண்ணி அடுக்கினார். பிறகு, “கொஞ்சம் பாத்துட்டுப் பண்ணலாம்னு இருக்கேன்” என்றார்.

“பாதி இருக்கசொல்லவே தள்ளணும்னு நீதானேய்யா சொல்வே?” என்றார் பாய்.

“அது தோல் துண்டு பாய்.”

அவர் பார்த்தார். கலவை ஊரில் ஒரு மூலிகை வைத்தியர், அரக்கோணத்தில் ஒரு ஜோசியர், காட்பாடியில் இன்னொரு டாக்டர். பங்குனியில் மறுபடி வேலூர் போனபோது, கத்தி வைக்க உடம்பில் தெம்பில்லை என்றார்கள். சித்திரையில் அந்த அம்மாள் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மொத்தம் வந்தார். ஆட்டம் நடந்தது. அவர் குவியல் பன்னிரண்டுக்கு இறங்கியது. பாய் என்னைப் பார்த்தார். எப்படியாவது அந்த ஒரு சொல்லைக் கேட்டுவிட மாட்டோமா என்றிருந்தது.

மொத்தம் சீட்டுகளை எடுத்தார். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். குப்புறக் கவிழ்த்துவிட்டு, “நான் போய் டீ வாங்கியாறேன்” என்று எழுந்தார்.

“வில்லை இருக்கேய்யா!”

“இருக்கட்டும் பாய்.”

அவர் வாசல் தாண்டியதும் பாய் அந்தச் சீட்டுகளைத் திருப்பினார். ஜோடி ஆஸ்.

பாய் அவற்றைக் கட்டுக்குள் செருகிக் கலைத்தார். பிறகு தன் வில்லைகளை இரு கையாலும் மொத்தத்தின் குவியலோடு தள்ளினார். என்னுடையதை நான் தள்ளினேன்.