போதும் என்று ஒரு பூ

மூன்றாவதும் பெண். நாற்பது நாள் கழியும்வரை அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். நாற்பத்தோராம் நாள் என் முடிவை அறிவித்தேன். பெயர், பஸ்குல்.

நான் இஸ்தரவ்ஷான் நகரத்தில் மினிபஸ் ஓட்டுகிறவன்தான். ஆனால் இது அந்த பஸ் இல்லை. எங்கள் பேச்சில் பஸ் என்றால் போதும். குல் என்றால் பூ. வீட்டில் ஏற்கெனவே பொன்னும் மாதுளையும் இருந்தன: ஸர்ரினா, அனோரா. இவளுக்குப் 'போதும் பூ' என்று வைத்துவிட்டால் அடுத்தது பையன் என்று அம்மா அடித்துச் சொன்னாள்.

எனக்கும் பெயரில் நம்பிக்கை அதிகம். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. அதனால் எனக்கு இஸ்தாத் என்று வைத்தார்கள். நின்றுவிட்டான் என்று அர்த்தம். நானும் நின்றுவிட்டேன்.

மனைவி மெஹ்ரங்கேஸ் சண்டைக்கு வருவாள் என்று தயாராக இருந்தேன். அவள் மனசில் இருந்த பெயர் திலஃப்ரூஸ். உள்ளத்தில் விளக்கேற்றுகிறவள். ஆனால் அவளோ, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு என் மெத்தையைச் சுருட்டிக் கொண்டுபோய் விருந்தாளி அறையில் போட்டாள்.

ஏன் என்று கேட்டேன்.

"உங்களுக்கு நின்னுட்டான்னு வச்சாங்க, நின்னுட்டீங்க. இவளுக்குப் போதும்னு வச்சா, போதும்தானேங்க?"

"அடுத்தது பையனா வரணும்னுதானே வைக்கிறோம்."

"அடுத்ததா? அது எப்படி வரும்?" என்றபடி தலையணையையும் கொண்டுவந்து வைத்தாள்.

எட்டு நாள் வீம்பாக அங்கேயே கிடந்தேன். ஒன்பதாம் நாள் காலையில் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன். பாப்பாவுக்கு அப்படியே என் மூக்கு. ஆறு வயது ஸர்ரினா வந்து பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, பாப்பா மட்டும்தான் போதுமா? நானும் அனோராவும்கூடப் போதுமா?"

அனோராவையும் கூப்பிட்டேன். இரண்டு பேரையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு வண்டியை எடுத்தேன். கைகாட்டிய ஒருவரையும் ஏற்றவில்லை. நேரே பதிவு அலுவலகம்.

அங்கிருந்த பெண் அதிகாரியிடம், குடும்பத் தலைவனுக்குரிய கம்பீரத்தோடு, திலஃப்ரூஸ் என்று எழுதுங்கள் என்றேன். அவர் ஏட்டைப் புரட்டி என் பக்கம் திருப்பினார்.

"எழுதியாச்சே. உங்க வீட்டம்மா போன வாரமே வந்தாங்க. நீங்களும் வந்து இதே பேரைச் சொல்வீங்கன்னாங்க. இது நீங்களே வச்ச பேருன்னு உங்க அம்மாகிட்ட சொல்லிடணுமாம்."

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் அப்படியே சொன்னேன்.